ஹைவேக்கு ஒரு கூட்டு வைத்தியம்!

காலைக் காபியோடு பேப்பரைப் பிரிக்கிறோம். 'வேன் – லாரி மோதல்! ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பலி!' ஐயோ பாவம் என்று மனசு பதறுகிறது. கண் தானாகவே கடைசி வரிக்குப் போகிறது. 'டிரைவர் தூங்கிவிட்டதே விபத்துக்குக் காரணம் என்று தெரிகிறது.' அவ்வளவுதான். "கண்ணு முழிச்சு ஓட்டக் கூடாதா அந்த ஆளு?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

வீட்டில் ஒருவருக்கு டைஃபாய்டு வந்தால் இப்படி விட்டுவிடுவோமா? எங்கே சாப்பிட்டார், எந்தத் தண்ணீரைக் குடித்தார், தொட்டியைக் கழுவி எத்தனை நாளாச்சு என்று குடைந்து எடுத்துவிட மாட்டோம்? 'அவர் தலையெழுத்து' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்போமா?

சாலை விபத்தையும் அதே மாதிரி குடைந்து பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவம். ஏனென்றால் இது சின்ன வியாதி இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு ஏறக்குறைய 2 சதவிகிதம்தான். உயிரிழப்பிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

ஆனால், இந்த வியாதிக்கும் வைத்தியம் உண்டு. ஒரே ஒரு டாக்டரால் செய்ய முடியாத வைத்தியம். கூட்டு வைத்தியம்.

கொசுவைத் தேடிய டாக்டர்

அமெரிக்காவில் வில்லியம் ஹாடன் என்று ஒரு டாக்டர் இருந்தார். நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது என்று ஆராயும் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். விபத்தையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்.

மலேரியா வந்தால் என்ன செய்கிறோம்? "ஏம்ப்பா கொசுக்கடி வாங்கினே?" என்று நோயாளியைத் திட்டிவிட்டு விட்டுவிடுவதில்லை. அவருக்கு மருந்து கொடுக்கிறோம். கொசுவை ஒழிக்கிறோம். கொசு முட்டையிடும் தண்ணீரை அகற்றுகிறோம். ஆள், கிருமி, சுற்றுப்புறம் என்று மூன்று பக்கமும் தாக்குகிறோம்.

விபத்தில் கிருமி எது? ஓடுகிற வண்டிக்குள் இருக்கும் சக்திதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதினால், அது ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது, நாலாவது மாடியிலிருந்து! அந்தச் சக்தியை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். வண்டியின் முன்பாகம் நசுங்கி வாங்கினால், சீட் பெல்ட் வாங்கினால், சாலையோரத் தடுப்பு வளைந்து வாங்கினால் உடம்பு தப்பிக்கும். இல்லையென்றால் மண்டையும் நெஞ்சும்தான் வாங்கும்.

இதைப் புரியவைக்க ஹாடன் ஒரு கட்டம் போட்டார். மேலிருந்து கீழாக, விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று மூன்று வரிசை. குறுக்கே ஆள், வண்டி, சாலை என்று மூன்று. ஆக ஒன்பது கட்டம். 'டிரைவர் தூங்கிவிட்டார்' என்பது அதில் ஒரே ஒரு கட்டம். மீதி எட்டு? தூங்கினால் எழுப்பிவிடும் மாதிரி சாலை ஓரத்தில் மேடுகள் இருந்ததா? எதிரே லாரி ஏன் விளக்கில்லாமல் நின்றது? பின் சீட்டுக்காரர்கள் பெல்ட் போட்டிருந்தார்களா? ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாச்சு? எந்த ஒரு கட்டத்தைச் சரிசெய்திருந்தாலும் ஓர் உயிராவது மிஞ்சியிருக்கலாம்.

1966-ல் அமெரிக்க அரசு சாலைப் பாதுகாப்புக்காகத் தனி அமைப்பு தொடங்கியபோது, அதற்கு முதல் தலைவராக இந்த டாக்டரைத்தான் நியமித்தது.

நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு பக்கம்

ஒன்பது கட்டத்தையும் ஒருவரே சரிசெய்ய முடியாது என்பதுதான் சிக்கல். போலீஸ் வேகத்தைப் பார்ப்பார். யார் மேல் கேஸ் என்பது அவர் கவலை. டாக்டர் உடைந்த விலா எலும்பைப் பார்ப்பார். அது எதில் இடித்து உடைந்தது என்று அவருக்குத் தெரியாது. இன்ஜினீயர் வளைந்து கிடக்கும் தடுப்பைப் பார்ப்பார். அது யார் உயிரை வாங்கியது என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கோயிலில் நவக்கிரகம் நிற்கிற மாதிரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நின்றால் எப்படி?

அவர்களைத் திருப்பி நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்க்கவைத்த ஒரு சாலை நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பை – புனே எக்ஸ்பிரஸ் சாலை.

151 உயிர்களும் ஒரு சபதமும்

சுமார் 94 கிலோமீட்டர் நீளம். ஆறு வழிச் சாலை. 2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது நாட்டுக்கே பெருமையாக இருந்தது. ஆனால் சாலை வழவழவென்று இருந்தால் வண்டியும் பறக்கும் இல்லையா? 2016-ல் ஒரே வருடத்தில் அந்தச் சாலையில் 151 பேர் இறந்தார்கள்.

அங்கே நடக்கும் விபத்துகளை 2012 முதலே ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அது நம்ம ஊர்க் குழு! கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் ஜே.பி. ரிசர்ச் இந்தியா என்ற நிறுவனத்தின் ஆட்கள் விபத்து நடந்த இடத்துக்கே போவார்கள். டயர் தேய்ந்த தடத்தை அளப்பார்கள். வண்டி எவ்வளவு நசுங்கியது, உள்ளே இருந்தவர் எதில் இடித்துக்கொண்டார் என்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிய காய விவரத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பார்கள். 'யார் தப்பு?' என்பதல்ல அவர்கள் கேள்வி. 'காயம் எதனால்?' என்பதே கேள்வி.

2016-ல், 'இந்தச் சாலையில் உயிரிழப்பே இருக்கக் கூடாது' என்று ஒரு திட்டம் தொடங்கியது. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு, சாலையை நிர்வகிக்கும் மகாராஷ்டிர அரசுக் கழகம், நெடுஞ்சாலை போலீஸ், மஹிந்திரா நிறுவனம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

என்ன செய்தார்கள்? ஓரத்தில் கட்டாந்தரையாக நின்ற கான்கிரீட் தூண்களுக்கு முன்னால் இரும்புத் தடுப்பு போட்டார்கள். தடுப்பின் நுனியே ஈட்டி மாதிரி காருக்குள் பாய்ந்துவிடும் இடங்களைச் சரிசெய்தார்கள். பழுதாகி ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் கார் வந்து செருகிக்கொள்வது பெரிய எமனாக இருந்தது. ரோந்து வண்டிகள் அப்படி நிற்கும் லாரிகளைக் கவனிக்கத் தொடங்கின. போலீஸ் வேகத்தையும் லேன் மாறுவதையும் கண்காணித்தது. காயம்பட்டவரை வண்டியிலிருந்து வெளியே எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதிலும் கவனம் போனது.

பலன்? 2016-ல் 151 ஆக இருந்த உயிரிழப்பு 2017-ல் 105. அடுத்த ஆண்டு 110 என்று கொஞ்சம் ஏறியது. 2019-ல் நூறுக்கும் கீழே இறங்கியது. பூஜ்யம் இன்னும் வரவில்லை. சில வருடம் ஏறுகிறது, சில வருடம் இறங்குகிறது. சுகர், பிரஷர் மாதிரி இதையும் தினம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

பின் சீட்டில் இருந்தவர்கள்

'யார் தப்பு' என்பதோடு நின்றால் என்ன நஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 செப்டம்பர் 4-ம் தேதி, மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த கார். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் அவருடைய நண்பரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. இருவருமே இறந்துபோனார்கள்.

வேகம் ஒரு கட்டம். பாலத்தருகே சாலை குறுகியது இன்னொரு கட்டம். பின் சீட் பெல்ட் மூன்றாவது கட்டம். அந்த மூன்றாவது கட்டம் போலீஸ் கையிலும் இல்லை, இன்ஜினீயர் கையிலும் இல்லை. நம் கையில் இருக்கிறது!

நம்ம மாநிலத்தில்...

தமிழ்நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2016-ல் 17,218 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். 2019-ல் அது 10,525 ஆகக் குறைந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2022-ல் மறுபடியும் 17,884! இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறிய கதைதான்.

வைத்தியத்துக்கான ஏற்பாடுகள் இங்கே இல்லாமல் இல்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. "முதல்ல பணத்தைக் கட்டுங்க" என்ற பேச்சில் உயிர் போகக் கூடாது அல்லவா?

இன்னொன்று, சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த விபத்துத் தகவல் பதிவேடு. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸ் கைபேசியில் விவரத்தைப் பதிவுசெய்யலாம். நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, ஆஸ்பத்திரி எல்லோரும் அவரவர் பங்கை அதே பதிவில் சேர்க்கலாம். முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எந்தத் திருப்பத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் சிந்துகிறது என்று இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நவக்கிரகங்கள் திரும்பத் தொடங்கிவிட்டன!

"நமக்கெதுக்கு வம்பு?"

விபத்துக்குப் பிந்தைய கட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே முதலில் நிற்பவர் டாக்டர் அல்ல. அந்த வழியாகப் போகும் நீங்களும் நானும்தான்.

2007-ல் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய ஒரு சிறுவன் விபத்தில் சிக்கினான். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் உதவி கிடைக்காமல் இறந்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரிதான் அடுத்த ஆண்டு சேவ்லைஃப் அமைப்பைத் தொடங்கியவர். அந்த அமைப்பு தொடுத்த வழக்கில், உதவி செய்பவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே, "போலீஸ், கோர்ட்டுன்னு யாருங்க அலையறது?" என்ற பயம் இனி வேண்டாம்.

குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புமுன்...

குடும்பத்தோடு வேன் பிடித்துக் கிளம்புகிறீர்களா? உங்கள் பங்குக்கு இவற்றைச் செய்யுங்கள்.

* வாடகை வேன் டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, "அண்ணே, நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்பதுதான். முந்தின ட்ரிப் முடித்து நேராக வருகிறார் என்றால் ஆளை மாற்றச் சொல்லுங்கள், அல்லது காலையில் கிளம்புங்கள்.

* இரவு 2 மணியிலிருந்து விடியற்காலை 5 மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இழுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அசந்தால் வண்டி 80 மீட்டருக்கும் மேல் போயிருக்கும். டீயும் பாட்டும் தூக்கத்துக்கு ஈடாகாது. பெட்ரோல் பங்க் போன்ற வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, டிரைவரைத் தூங்கவிடுங்கள். தங்குமிடத்தில் அவருக்கும் ஒரு படுக்கை ஏற்பாடு செய்யுங்கள்.

* பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். சட்டப்படியும் அது கட்டாயம்.

* குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், 10 கிலோ குழந்தை நூறு கிலோவுக்கும் மேலான கனத்தோடு கையிலிருந்து பறிபோகும். எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது.

* பைக்கில் போனால் ஓட்டுபவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். வாரை மாட்டியும் இருக்க வேண்டும். சாவு அபாயத்தை ஏறக்குறைய 40 சதவிகிதம், தலைக்காயத்தை ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைப்பது அது.

* வண்டி பழுதானால் முடிந்தவரை சாலையை விட்டு இறக்கி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். வண்டிக்குள்ளோ வண்டிக்குப் பின்னாலோ இருக்க வேண்டாம்.

* விபத்தைப் பார்த்தால் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது.

* ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் இல்லாவிட்டால், அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம்.

போலீஸ், இன்ஜினீயர், டாக்டர், ஆம்புலன்ஸ்காரர் எல்லோரும் அவரவர் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். நம் வண்டிக்குள் இருக்கும் கட்டத்தை அவர்களால் நிரப்ப முடியாது. அடுத்த முறை கிளம்பும்போது, தேங்காய் சுற்றி உடைத்த கையோடு பின் சீட் பெல்ட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது சீட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருக்கலாம்!