தள்ளுபடி எண்ணெயும் நாமக்கல் லாரியும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் ஜனங்களின் ஜீவனத்தைத் தாங்கி நிற்பது எது என்று கேட்டால், விசைத்தறி என்பார் சிலர், கோழிப்பண்ணை என்பார் சிலர், மரவள்ளியும் மஞ்சளும் என்பார் வேறு சிலர். ஆயினும் தறியில் நெய்த துணியையும், பண்ணையில் சேர்ந்த முட்டையையும், காட்டில் விளைந்த கிழங்கையும் தேசத்தின் நான்கு திசைகளுக்கும் கொண்டு சேர்ப்பது லாரியே ஆதலால், இந்தத் தொழில்கள் அனைத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருப்பது டீசல்தான். நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும், அங்கிருந்து புறப்பட்டுச் சமையல் எரிவாயுவைச் சுமந்து திரியும் டேங்கர் லாரிகளும், சங்ககிரியின் சரக்கு லாரிகளும், வட மாநிலங்கள் வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு ஊர் திரும்பும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் டீசல் விலையில் ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அதை அன்றைய தினமே உணருகின்றன.

அந்த டீசல் இந்தச் சமவெளிக்கு வரும் பிரதான மார்க்கங்கள் இரண்டு. மணலியில் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய், சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயில் ஓடி, ஆசனூரில் கிளை பிரிந்து, சங்ககிரியில் உள்ள இந்தியன் ஆயில் முனையத்தை அடைகிறது. கொச்சியில் சுத்திகரிக்கப்பட்டது, கோவைக்கு அருகிலுள்ள இருகூர் வழியாகக் கரூரில் உள்ள பாரத் பெட்ரோலியம் முனையத்தை அடைகிறது. மணலிக்கும் கொச்சிக்கும் அப்பால் இருப்பது சமுத்திரம். நம் தேசம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அன்னிய மண்ணிலிருந்தே வருகிறது. 2021-இல் அந்த இறக்குமதியில் சுமார் இரண்டு சதவீதமே இருந்த ரஷ்ய எண்ணெய், 2023-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக வளர்ந்தது. பொருளாதாரத் தடைக்கு உள்ளான காரணத்தால் அது தள்ளுபடி விலையில் கிடைத்ததே இந்த வளர்ச்சியின் ரகசியம்.

அந்தத் தள்ளுபடி எப்படிப் பிறக்கிறது, வழியில் எங்கெங்கே கரைகிறது, கடைசியில் பங்க்கில் வண்டியை நிறுத்தும் லாரி உரிமையாளருக்கு அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பவை ரசாயனமும் கப்பல் சாஸ்திரமும் கணக்கும் ஒருங்கே கலந்த கேள்விகள். தடைக்குட்பட்ட எண்ணெயின் தள்ளுபடி, வாங்குபவர் தம் தலையில் ஏற்றுக்கொள்ளும் ஆபத்துக்கு விற்பவர் கொடுக்கும் கூலியே ஆகும். ஆகவே, ஆபத்தைச் சுமப்பவர் எவரோ அவரே கூலியைப் பெறுபவராகவும் இருக்க வேண்டும் என்ற நியாயத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இந்த வியாபாரத்தைப் பரிசீலிப்போம்.

மணலியின் ஈரானிய உறவு

தடையின் நிழல் தமிழ்நாட்டு எண்ணெய்த் தொழிலின்மேல் முதலில் விழுந்தது ரஷ்யாவால் அல்ல, ஈரானால்தான். மணலி சுத்திகரிப்பு நிலையம் 1965-இல், மதராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில், இந்திய அரசாங்கமும் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டாக ஸ்தாபித்தது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் சக்தியுடன் 1969-இல் அது இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவும் ஈரானும் ஒரே நிறுவனத்தில் பங்காளிகளாக அமர்ந்திருந்த அந்தக் காலம், 1979-இன் ஈரானியப் புரட்சிக்குப்பின் கனவுபோல் மறைந்தது. 1985-இல் அமோகோ விலகிக்கொண்டது. ஈரானின் பங்கோ, இப்போது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று வழங்கும் அந்த நிறுவனத்தில், ஒரு துணைக் கம்பெனியின் பெயரால் 15 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக நிலைத்திருக்கிறது.

இத்தகைய நெருங்கிய உறவு கொண்ட தேசத்திடமிருந்து எண்ணெய் வாங்குவது 2010-க்குப்பின் பெரும் சிரமமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை ஈரானிய எண்ணெயைத் தடை செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தனித்தனியே விதித்த தடைகள் பணம் செல்லும் வழிகளை அடைத்தன. 2010 டிசம்பரில் ஆசிய தீர்வு ஒன்றியத்தின் வழியாகப் பணம் செலுத்தும் முறையை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. பின்பு ஹாம்பர்க் நகரத்து வங்கி ஒன்றின் வழியாகவும், அதுவும் அடைபட்டபின் துருக்கியின் ஹால்க் வங்கி வழியாகவும் பணம் சென்றது. 2012-இல் கிரயத்தில் 45 சதவீதத்தைக் கல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்துவது என்றும், அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் இந்தியாவின் அரிசி, தேயிலை, மருந்து முதலியவற்றை வாங்கிக்கொள்வது என்றும் ஏற்பாடாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈரானிய எண்ணெய்க் கப்பல்களுக்குக் காப்பீடு தர மறுத்தமையால் கப்பலுக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. தன் தடையிலிருந்து 2018 நவம்பரில் அமெரிக்கா அளித்த விலக்கு 2019 மே மாதத்தில் முடிவடைந்தபோது, இந்தியா ஈரானிய எண்ணெயை அறவே நிறுத்தியது. எண்ணெயின் ஊற்றை எவராலும் அடைக்க முடியாது. ஆனால் பணம், கப்பல், காப்பீடு என்ற மூன்று கதவுகளை அடைத்தால் ஊற்று இருந்தும் பயனில்லை என்பதே அந்தப் பத்தாண்டு கற்பித்த பாடம்.

தரமும் அடையாளமும்

கச்சா எண்ணெய் ஒரே தன்மையுள்ள பதார்த்தம் அன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் பூமியின் அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் உருமாறி உண்டான ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று மஞ்சளைத் தரம் பிரித்த பின்பே விலை கூறுவதைப்போல, எண்ணெய் வியாபாரத்திலும் இலகுத்தன்மையையும் கந்தகத்தின் அளவையும் பார்த்த பின்பே விலை கூறுவர். இலகுத்தன்மையை ஏ.பி.ஐ. என்னும் அளவால் குறிப்பது வழக்கம். எண் பெரிதானால் எண்ணெய் இலகுவானது, பெட்ரோலும் டீசலும் எளிதில் தருவது. வடகடலின் பிரெண்ட் எண்ணெய்க்கு அந்த எண் சுமார் 38, கந்தகம் சுமார் 0.4 சதவீதம், ரஷ்யாவின் யூரல்ஸ் எண்ணெய்க்கு எண் சுமார் 31, கந்தகம் சுமார் 1.5 சதவீதம். ஆகையால் தடையற்ற காலத்திலும் யூரல்ஸ், பிரெண்டைவிட ஓரிரு டாலர் மலிவாகவே விற்றுவந்தது.

கந்தகம் மிகுந்த எண்ணெயை வாங்குவோர் அதற்குப் பின்னால் செலவு செய்தாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக் கோபுரத்தில் ஏறத்தாழ 200 முதல் 350 பாகை செல்சியஸ் வரை கொதித்துப் பிரியும் பகுதியே டீசல். அதை 300 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் மிகுந்த அழுத்தத்திலும், கோபால்ட்டும் மாலிப்டினமும் சேர்ந்த வினையூக்கியின் முன்னிலையில், ஹைட்ரஜனோடு சேர்த்துச் செலுத்தினால், கந்தகம் ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டு வாயுவாகப் பிரிந்துவிடுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை-6 விதிப்படி பத்து லட்சம் பங்கு டீசலில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கலாகாது. தள்ளுபடியின் ஒரு துண்டு இந்த ஹைட்ரஜன் செலவிலேயே மறைந்துபோகிறது.

கச்சா எண்ணெய்க்குத் தன் பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளமும் உண்டு. பழங்காலப் பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன்களும், பாசிகளிலிருந்து வந்த ஸ்டெரேன்களும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதையாமல் எண்ணெயில் தங்கியிருக்கின்றன. அவற்றின் விகிதத்தையும், வனேடியம், நிக்கல் ஆகிய உலோகங்களின் விகிதத்தையும் ஆய்வுக்கூடத்தில் அளந்தால், எண்ணெய் எந்தப் படுகையில் பிறந்தது என்பதை நிபுணர் ஊகித்துவிடுவர். ஆனால் அந்த மூலக்கூறுகள் பெரும்பாலும் டீசலைக் காட்டிலும் அதிக உஷ்ணத்தில் கொதிப்பவை. உலோகங்களோ கசடோடு தங்கிவிடுபவை. பல தேசத்து எண்ணெய்கள் ஒரே தொட்டியில் கலந்து கோபுரத்துக்குள் சென்றபின், வெளிவரும் டீசலில் இன்ன தேசத்துப் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் உபாயம் இல்லை. இதனால்தான் ரஷ்ய எண்ணெயை இந்தியாவில் சுத்திகரித்துக் கிடைத்த டீசலை ஐரோப்பாவே வெகுகாலம் சட்டபூர்வமாக வாங்கி வந்தது. 2025 ஜூலையில் அதற்கும் தடை விதித்து, 2026 ஜனவரி 21 முதல் அது அமலுக்கு வரும் என்று ஐரோப்பிய ஒன்றியம் தீர்மானித்தது.

கப்பலும் காப்பீடும்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த சில வாரங்களில், பிரெண்டுக்கும் யூரல்ஸுக்கும் இடையே பீப்பாய்க்கு 30 டாலருக்கு மேற்பட்ட விலை வித்தியாசம் தோன்றியது. ரஷ்ய எண்ணெய் முற்றிலும் சந்தையை விட்டு அகன்றால் உலகெங்கும் விலை கொதித்தெழும் என்று அஞ்சிய ஜி-7 தேசங்கள், எண்ணெய் ஓட வேண்டும், ரஷ்யாவின் வருமானம் மட்டும் குறைய வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு நூதனமான ஏற்பாட்டைச் செய்தன: 2022 டிசம்பர் 5 முதல், பீப்பாய் 60 டாலருக்கு மேற்படாத விலையில் விற்ற ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கே தங்கள் தேசத்துக் கப்பலும் காப்பீடும் கிடைக்கும் என்பது அது. உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு விபத்துப் பொறுப்பைக் காப்பீடு செய்பவை லண்டனை மையமாகக் கொண்ட சில சங்கங்களே ஆதலால், இந்த விதிக்குப் பலம் இருந்தது. ஐரோப்பா 2025 செப்டம்பரில் அந்த வரம்பை 47.6 டாலராகத் தாழ்த்தியது.

வரம்புக்கு மேல் விற்க விரும்பிய வியாபாரிகள், வேறு கப்பல்களைத் தேடிச் சேர்த்தனர். உடைப்புக்குச் செல்லும் வயதை எட்டிய பழைய டேங்கர்களைப் பெயர் தெரியாத கம்பெனிகள் வாங்கி, ஒரு தேசத்துக் கொடியை மாற்றி இன்னொரு தேசத்துக் கொடியை ஏற்றி ஓட்டலாயின. இவற்றையே நிழல் கப்பற்படை என்று பத்திரிகைகள் அழைக்கின்றன. நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெயை மாற்றுவதும் உண்டு. சர்வதேசக் கடலில் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தை ரேடியோ அலையால் அறிவித்தபடி இருக்க வேண்டும் என்பது விதி. சில கப்பல்கள் அதை அணைத்துவிடுகின்றன, சில பொய்யான இருப்பிடத்தை ஒலிபரப்புகின்றன. ஆயினும் மேகத்தையும் இருளையும் ஊடுருவும் ரேடார் பொருத்திய செயற்கைக் கோள்கள் கப்பலின் உருவத்தைப் பதிவு செய்கின்றன. கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் சரக்கின் எடையைக் காட்டிக்கொடுக்கிறது. பெயரும் கொடியும் மாறினாலும் கப்பலுக்கு ஆரம்பத்தில் அளிக்கப்பட்ட ஏழு இலக்கப் பதிவெண் மாறுவதில்லை. இத்தகைய முதிய கப்பலில் விபத்து நேர்ந்து எண்ணெய் கரையில் படிந்தால், போதிய காப்பீடு இல்லாத நிலையில், அந்த நஷ்டத்தைச் சுமக்கப்போகிறவர்கள் கரையோரத்து மீனவர்களே.

பணத்தின் கதையும் இத்தகையதே. அன்னிய வியாபாரத்தை ரூபாயில் நடத்த 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. ஆனால் இந்தியாவிடம் ரஷ்யா வாங்குவது சொற்பமாகையால், 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர், பல நூறு கோடிக்கணக்கான ரூபாய் பயன்படுத்த வழியின்றிக் கிடப்பதாகக் கூற நேர்ந்தது. பின்பு அமீரகத்துத் திர்ஹம் போன்ற நாணயங்கள் உபயோகத்துக்கு வந்தன. ஒவ்வொரு சுற்றுவழிக்கும் ஒரு தரகு உண்டு. அதுவும் தள்ளுபடியிலிருந்தே கழிகிறது.

லிட்டருக்கு எவ்வளவு

ரஷ்யத் துறைமுகத்தில் தோன்றிய பெரிய தள்ளுபடி இந்தியக் கரையை அடையும்போது, கப்பல் வாடகையும் காப்பீடும் இடைவியாபாரியின் லாபமும் போக, 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பீப்பாய்க்குச் சில டாலராகச் சுருங்கியிருந்தது. அதை 5 டாலர் என்றே கொள்வோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்தால், 5 டாலர் 415 ரூபாய், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 60 காசு. இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த எண்ணெய் ஆகையால், மொத்தத்தில் பரப்பிப் பார்த்தால் லிட்டருக்கு 87 காசு. நாமக்கல்லிலிருந்து தில்லிக்குச் செல்லும் லாரி சுமார் 2,400 கிலோமீட்டரை லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் கடந்தால் 600 லிட்டர் செலவாகும். தள்ளுபடி முழுவதும் உரிமையாளருக்கே வந்திருந்தாலும் ஒரு நடைக்கு 520 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும்.

அதுவும் நேராக வந்து சேரவில்லை. 2022 மே மாதம் மத்திய அரசாங்கம் கலால் வரியைக் குறைத்தபின், 2024 மார்ச் 15-இல் லிட்டருக்கு 2 ரூபாய் குறையும்வரை, பங்க் விலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. பொதுத்துறையின் மூன்று எண்ணெய் நிறுவனங்கள் 2022-23-இன் முதல் ஆறு மாதங்களில் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் அடைந்ததும், 2023-24-இல் சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டியதும் உண்மை. உலக விலை கொதித்தபோது பங்க் விலை ஏறாமல் காத்த நன்மையை மறுப்பது நியாயமாகாது. அது லாரித் தொழிலுக்குக் கிடைத்த மெய்யான பாதுகாப்பு. ஆனால் விலை இறங்கியபின் சேர்ந்த லாபத்தில் சாமானியரின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, அந்த இரண்டு ரூபாயைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

அபராதத்தைச் சுமந்தவர் யார்

2025 ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணமாகக் காட்டி, இந்தியப் பொருள்கள்மேல் 25 சதவீதக் கூடுதல் சுங்கவரியை அமெரிக்கா விதித்தது. முன்பே இருந்த 25 சதவீதத்தோடு சேர்ந்து அது 50 சதவீதமாயிற்று. எண்ணெய் வாங்கியவர்கள் சுத்திகரிப்பு நிறுவனத்தார்; அபராதம் விழுந்ததோ திருப்பூரின் பின்னலாடைமேலும் கரூரின் வீட்டு உபயோகத் துணிமேலும். அந்த ஊர்களின் ஏற்றுமதி தளர்ந்தால், பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை நீண்டு கிடக்கும் நூற்பு, நெசவு, சாயத் தொழில்களும் அந்தச் சரக்கை ஏற்றும் லாரிகளும் அதனால் பாதிக்கப்படாமல் இருக்க முடியாது. அதே ஆண்டு ஜூனில்தான் நாமக்கல் முட்டை அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தது. புதிதாகத் திறந்த அந்தச் சந்தையின் வாசலிலும் இந்த வரி வந்து நின்றது.

எந்தத் தேசத்திடம் எண்ணெய் வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. ஐக்கிய நாடுகள் சபை விதிக்காத தடைக்குக் கட்டுப்படும் கடமை நமக்கில்லை என்ற அரசாங்கத்தின் நிலைப்பாடும் நேர்மையானதே. ஆயினும் அந்த உரிமையைப் பிரயோகிக்கும்போது விளையும் ஆபத்தை ஒரு சாராரும், லாபத்தை வேறொரு சாராரும் பெறுவது தர்மமாகாது. தேச வாரியாக எண்ணெய் என்ன விலைக்கு வாங்கப்பட்டது, தள்ளுபடியால் மொத்தம் எவ்வளவு மிச்சமாயிற்று, அது எங்கே சென்றது என்பதைச் சாமானியருக்கு விளங்கும்படி அரசாங்கம் ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி, அபராத வரியால் நலிந்த நெசவாளருக்கும் பண்ணையாளருக்கும் கடனுதவியாகத் திரும்ப வேண்டும். மற்றொரு பகுதி, விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக் குகைகளில் நாம் அமைத்திருக்கும் 53 லட்சம் டன் கொள்ளளவை மேலும் பெருக்கச் செலவாக வேண்டும். எந்தக் கதவு எந்த நாளில் அடைபடுமோ என்று அறிய முடியாத இந்த வியாபாரத்தில், மலிவாகக் கிடைத்த காலத்தில் சேமித்து வைப்பதும், சேமித்ததன் கணக்கை ஜனங்களுக்கு ஒப்புவிப்பதும், தள்ளுபடியைத் தேசத்தின் சொத்தாக மாற்றும் வழிகள்.