கருவண்டும் இசைக்கவையும்

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையை ரப்பர் அட்டையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டிருப்பீர்கள். அதைக் கத்தரிப் பூவில் வைத்துப் பார்த்ததுண்டா? நான் வைத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் 365 படிகளுக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் தொட்டிகளில் கத்தரி வளர்க்கிறோம். அங்கே அவரைப் பந்தலுக்காக நட்டிருந்த பழைய மூங்கில்களை ஒரு கோடையில் நானே பிடுங்கி எறிந்தேன். கருவண்டுகள் அவற்றில் துளை போட்டுத் தரையெல்லாம் தூளைக் கொட்டின. எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் கத்தரி நன்றாகவே பூத்தது. ஆனால் பூக்கள் மஞ்சளித்து உதிர்ந்தன. காய் மிகச் சில. உரம் போடு என்றார் ஒருவர், மருந்து அடி என்றார் இன்னொருவர். என் தாயார் மட்டும், "வண்டையே காணோமேடா" என்றார். இயற்பியல் ஆசிரியனான நான் தாவரவியல் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு கத்தரிப் பூவை உற்றுப் பாருங்கள். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் நிறத்தில் மகரந்தப்பைகள் கூம்பு போல நெருங்கி நிற்கும். பெரும்பாலான பூக்களில் இந்தப் பைகள் நீளவாட்டில் வெடித்து மகரந்தத்தைக் காட்டிவிடும். கத்தரியில் அப்படியில்லை, பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. சாப்பாட்டு மேசையில் வைக்கும் உப்புப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குலுக்கினால்தான் உப்பு விழும். காற்றின் அசைவில் ஓரளவு மகரந்தம் கொட்டும். அதனால்தான் எங்களுக்கும் சில காய்களாவது கிடைத்தன. ஆனால் நன்றாகக் குலுக்கத் தெரிந்தவை சில காட்டுத் தேனீக்களே.

கருவண்டு என்று நாம் அழைப்பது உண்மையில் வண்டன்று, தேனீ. மரத்தைக் குடைந்து வீடு அமைப்பதால் தச்சுத் தேனீ என்பர். அது பூவைக் கால்களால் கட்டிப் பிடித்து, மகரந்தப்பையைத் தாடையால் கவ்விக்கொள்ளும். பிறகு இறக்கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் இயக்கும். இறக்கையின் சுமை இல்லாததால் தசைகள் பறக்கும்போது அதிர்வதைவிட வேகமாக அதிரும். ரீங்காரம் உச்ச ஸ்தாயிக்கு ஏறுவதைக் காதாலேயே அறியலாம். மகரந்தம் புகை போலக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிப் பூவில் தேனும் இல்லை. அது ஏன் வரப்போகிறது?

இனி நம் பாடத்துக்கு வருவோம். சீரிசை இயக்கத்தில் பெரும முடுக்கம், அதிர்வெண்ணின் இருமடியையும் வீச்சையும் பொறுத்தது. 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் கிளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வீச்சில் அதிர்வதாகக் கொள்ளுங்கள். கணக்கிட்டால் முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 259 மீட்டர் வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இது 26 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவுக்குள் இவ்வளவு. வீச்சு மாறாமல் அதிர்வெண் இரட்டித்தால் முடுக்கம் நான்கு மடங்காகும். கருவண்டு இறக்கையை மடக்குவதன் ஆதாயம் இப்போது புரிகிறதா?

காலை ஒன்பது, பத்து மணிக்கு, அன்று மலர்ந்த பூவின் கீழே கறுப்புக் காகிதத்தைப் பிடியுங்கள். இசைக்கவையைத் தட்டி, அதன் கிளையால் மஞ்சள் கூம்பை மெல்லத் தொடுங்கள். உருப்பெருக்குக் கண்ணாடியால் காகிதத்தைப் பாருங்கள். 512 ஹெர்ட்ஸ் கவையாலும் செய்து ஒப்பிடுங்கள். இசைக்கவை தொட்ட பூக்களுக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, தொடாதவற்றோடு சேர்த்து எத்தனை பிஞ்சு பிடிக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கத்தரியில் சில பூக்களின் சூல்தண்டு மிகக் குட்டையாக, கூம்புக்குள்ளேயே மறைந்திருக்கும். அவை எப்படியும் உதிர்ந்துவிடும். அவற்றைக் கணக்கில் சேர்த்துக் கருவண்டின் மேல் பழி போடக்கூடாது. (என் முதல் கணக்கில் நான் சேர்த்துவிட்டேன்.)

எல்லாப் பயிருக்கும் தேனீ வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். வள்ளி காத்த தினைப்புனத்துக்குத் தேனீ தேவையில்லை; தினை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். முருகனுக்குத் தினைமாவோடு படைக்கிறோமே, அந்தத் தேனுக்குத்தான் அது வேண்டும். கத்தரியின் கதை வேறு. இங்கிருந்து சற்று மேற்கே, வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் பூவைக் குலுக்க யாராவது வர வேண்டும்.

கத்தரி பூக்காத மாதங்களில் கருவண்டு என்ன தின்னும்? இங்கேதான் ஆவாரை வருகிறது. திருத்தணி மலைச்சரிவிலும் இரயில் பாதையோரத்திலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் அதே செடி. நம் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகளில் தங்கேடு என்பார்கள். இன்று அது தெலங்கானாவின் மாநில மலர். ஆவாரம்பூவின் மகரந்தப்பைகளும் துளையுள்ளவையே. அவற்றுள் ஒரு வேலைப் பிரிவினையும் உண்டு: நடுவிலுள்ளவற்றைக் கருவண்டு கவ்விக் குலுக்கி உணவு எடுக்கும்போது, நீண்டு வளைந்த பைகள் அதன் உடலில் பூவின் வேலைக்கான மகரந்தத்தைத் தூவிவிடும். ஆனால் இந்தப் பூவிலும் தேன் கிடையாது. தேனுக்கு எருக்கு, புங்கம் ஆகியவற்றைக் கருவண்டு நாடும். சிறு தேனீக்களுக்குத் தும்பையும் துளசியும் போதும். இவற்றில் பாதியை நாம் களை என்று பிடுங்குகிறோம்! நாற்றங்காலில் விலைக்கு வாங்கும் அடுக்கிதழ்ப் பூக்கள் பலவற்றில் மகரந்தப்பைகளே இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, தேனீக்குப் பட்டினி.

உணவு மட்டும் போதாது, இடமும் வேண்டும். உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தனித் தேனீக்கள். வயிற்றில் நீல வரிகள் கொண்ட ஒரு தேனீயும் பூவைக் குலுக்க வல்லது. அது வெறும் மண்ணிலும் மண்சுவரிலும் துளை போட்டு முட்டையிடும். முற்றமெல்லாம் சிமெண்டு பூசிய தெருவில் அது எங்கே போகும்? ஒரு முழ நிலத்தையாவது கொத்தாமல், பூசாமல் விட்டு வையுங்கள். பூத்திருக்கும் செடியில் மருந்து அடிக்காதீர்கள்.

நான் ஆவாரை விதைகளைச் சேர்த்துப் பெரிய தொட்டியில் போட்டேன். மேல்தோல் கடினம், உப்புத்தாளில் தேய்த்து ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். விரல் தடிமன் துளையுள்ள காய்ந்த மூங்கில்களை ஒருபுறம் கணு அடைத்திருக்கும்படி வெட்டி, மழை படாமல் மாடிப்படிக் கூரையின் கீழ்ப் படுக்கைவாட்டில் கட்டினேன். ஆவாரை இரண்டாம் ஆண்டில் பூத்தது. மூங்கில் காலியாகவே கிடந்தது.

சென்ற வாரம் ஒரு மூங்கிலின் கீழே சிறிது புதுத் தூள் கிடந்தது. அந்த இடத்தைப் பெருக்க வேண்டாமென்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கத்தரி பூக்க இன்னும் மூன்று வாரம் ஆகும்.