ஒரு தேசத்தின் பால் கணக்கு

உங்கள் வீட்டில் பால் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில், அன்றன்றைய தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்பவர் வீட்டு அம்மாள்தான். பால்காரரும் தம் பங்குக்கு ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்கிறார். மாதம் பிறந்ததும் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்க்கிறோம். "பதினெட்டாம் தேதி நாங்கள் ஊரிலேயே இல்லையே, அன்றைக்கு எப்படி ஒரு லிட்டர் ஏறியது?" என்று கேட்கிறோம். பால்காரர் தலையைச் சொறிகிறார், தொகை குறைகிறது. அதற்காக அவரைத் திருடர் என்று யாரும் சொல்வதில்லை. மறுநாள் காலையும் அவரேதான் பால் கொண்டு வருகிறார்.

இதையும் ஒரு பெரிய விஷயமாக எழுத வந்துவிட்டீர்களே என்று சிரிக்காதீர்கள். இந்தப் பால் கணக்கு வித்தையைத்தான், எண்ணெயும் தங்கமும் வைரமும் தோண்டி எடுக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசங்கள் இன்று கற்றுக்கொண்டு வருகின்றன. வெகுகாலம் அதைக் கற்றுக்கொள்ளாமல் கோடி கோடியாக இழந்த ஒரு தேசத்தின் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அங்கே கணக்கு நோட்டைக் கையில் எடுத்த பெண்மணிகளின் கதையும் அதில் அடக்கம்.

சதுப்பு நிலத்தில் புதையல்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது நைஜீரியா. 20 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் தேசம். நமக்கு அவ்வளவு அந்நியமான இடமும் அன்று. நைஜீரியாவின் கச்சா எண்ணெயை நிறைய வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உங்கள் வீட்டு ஸ்கூட்டரில் என்றோ ஊற்றிய பெட்ரோலில் அந்த ஊர் எண்ணெயும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

நைஜர் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் சதுப்பு நிலத்தில் ஒலோய்பிரி என்று ஒரு சிற்றூர். 1956-ம் வருஷம் அங்கேதான் முதன்முதலாக, விற்பனைக்குப் போதுமான அளவில் எண்ணெய் கண்டார்கள். 1958-ல் முதல் கப்பல் எண்ணெயுடன் புறப்பட்டது. 1960-ல் தேசம் சுதந்திரம் பெற்றது. 1973-ல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது நைஜீரியாவில் பணம் மழையாகக் கொட்டியது.

ஆனால் ஒலோய்பிரியின் கிணறுகள் சுமார் இருபது வருஷத்தில் ஓய்ந்துவிட்டன. புதையலைக் கொடுத்த ஊர் ஏழை ஊராகவே நின்றது. தேசத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பணம் எங்கே போயிற்று?

ஒரு சர்க்கார் ஜனங்களிடம் வரி வாங்கினால், "எங்கள் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று ஜனங்கள் கேட்பார்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும் பணம் அப்படி அன்று. அது யாருடைய பையிலிருந்தும் எடுத்த பணமாகத் தோன்றாது. எண்ணெய்க் கம்பெனி ராயல்டி கட்டுகிறது, வரி கட்டுகிறது. எவ்வளவு கட்டியது என்பது கம்பெனிக்குத் தெரியும். வாங்கிக்கொண்ட அதிகாரிக்குத் தெரியும். நடுவில் தேசத்துக்கே தெரியாது. பால்காரர் நோட்டு ஒன்று இருக்கிறது. காலண்டரோ காலியாகத் தொங்குகிறது. இதுதான் நிலைமை.

1993 முதல் 1998 வரை சானி அபாச்சா என்ற ராணுவ ஜெனரல் ஆட்சி செய்தார். அவர் இறந்த பிறகுதான், தேசத்தின் பணம் அந்நிய நாட்டு பாங்குகளில் எப்படிக் குவிந்திருந்தது என்பது வெளியே வந்தது. சுவிட்ஸர்லாந்து மட்டுமே 50 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

வந்தார் நிதி மந்திரி

2003-ம் வருஷம் நைஜீரியாவின் நிதி மந்திரியாக ஒரு பெண்மணி பதவி ஏற்றார். அந்நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பெயர் என்கோசி ஒகோன்ஜோ-இவேலா. 1954-ல் பிறந்தவர். இளம் பிராயத்தில் உள்நாட்டு யுத்தத்தின் கொடுமையை நேரில் கண்டவர். மலேரியாக் காய்ச்சலில் துவண்ட மூன்று வயதுத் தங்கையை முதுகில் சுமந்துகொண்டு டாக்டரைத் தேடி நடந்த சிறுமி அவர். அங்கே பெருங்கூட்டம் வாசலை அடைத்து நின்றதாம். கால்களுக்கு இடையே புகுந்து, ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையை உள்ளே சேர்த்தாராம். தங்கை பிழைத்துக்கொண்டாள். பின்னாளில் அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, உலக பாங்கில் உயர்ந்த உத்தியோகம் பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பினார்.

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று மிகவும் சாதாரணமானது. நைஜீரியாவில் 36 மாநிலங்களும் 774 உள்ளாட்சிகளும் இருக்கின்றன. எண்ணெய்ப் பணம் மாதாமாதம் மத்திய சர்க்காருக்கும் இவற்றுக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குத் தனியாக 13 சதவிகிதம் உண்டு. யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற பட்டியலை 2004 முதல் மாதந்தோறும் பத்திரிகைகளில் அச்சிட்டுவிட்டார்!

இதன் பலனை யோசித்துப் பாருங்கள். "பணமில்லை, அதனால்தான் சம்பளம் தாமதம்" என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இனிமேல் சுலபமாகச் சொல்ல முடியாது. அவர் கையில்தான் பத்திரிகை இருக்கிறதே! மாநிலங்களை ஆண்டவர்களுக்கு இந்தப் பட்டியல் இனித்திருக்க நியாயமில்லை. மந்திரி அம்மாளுக்கு "ஒகோன்ஜோ-வஹாலா" என்று ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. வஹாலா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'தொந்தரவு' என்று அர்த்தம்.

மடியிலா, வாசலிலா?

அதே சமயம் பால் கணக்கு வித்தையும் வந்து சேர்ந்தது. 2002-ல் ஜோஹானஸ்பர்க் நகரில் நடந்த உலக மகாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் ஒரு யோசனையை வெளியிட்டார். தோண்டி எடுக்கும் தொழில்களில் கம்பெனிகள் "இவ்வளவு கொடுத்தோம்" என்று சொல்லவேண்டும். சர்க்கார் "இவ்வளவு வாங்கினோம்" என்று சொல்லவேண்டும். இருவரையும் சேராத ஒரு தணிக்கையாளர் இரண்டையும் ஒத்துப் பார்த்து ஊரறியச் சொல்லவேண்டும். இவ்வளவுதான் யோசனை.

இதை நைஜீரியாவில் ஆரம்பித்து நடத்தும் பொறுப்பு மற்றொரு பெண்மணியிடம் வந்தது. அவர் ஒபியாகெலி எஸெக்வெசிலி. சர்க்கார் கான்ட்ராக்டுகளில் எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் 'மேடம் டியூ பிராசஸ்' என்று பெயர் வாங்கியவர். 1999 முதல் 2004 வரையிலான கணக்குகளை முதலில் எடுத்துப் பார்த்தார்கள். கம்பெனிகள் கொடுத்ததாகச் சொன்ன தொகையும், சர்க்கார் வாங்கியதாகச் சொன்ன தொகையும் பல இடங்களில் ஒட்டவில்லை.

அதைவிட விசித்திரம் ஒன்றும் தெரிந்தது. எண்ணெயைச் சரியாக அளந்தது கப்பலில் ஏற்றும் துறையில்தான். கிணற்றிலிருந்து எவ்வளவு வந்தது என்பதற்கு நம்பகமான அளவே இல்லை! வாசலில் ஊற்றிய பாலுக்குக் கணக்கு உண்டு. மடியில் கறந்த பாலுக்குக் கணக்கு இல்லை. வழியில் எவ்வளவு கசிந்தது, எவ்வளவு களவு போயிற்று என்று யார் சொல்வது?

2007-ல் இந்தத் தணிக்கையைச் சட்டமாகவே செய்தார்கள். பிறகு வரும் சர்க்கார் பிடிக்கவில்லை என்று நோட்டை மூடி வைத்துவிட முடியாதபடி ஆயிற்று.

கணக்குக் கேட்டதற்கு விலை

இங்கே கதை சுபமாக முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குக் கேட்கிறவர்களை யாருக்குப் பிடிக்கும்?

2011-ல் ஒகோன்ஜோ-இவேலா மறுபடியும் நிதி மந்திரியானார். எண்ணெய் வளம் நிறைந்த அந்தத் தேசம், சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. ஜனங்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதற்காக, இறக்குமதி செய்யும் வியாபாரிகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுத்தது. வராத கப்பலுக்கும் இறங்காத பெட்ரோலுக்கும் சிலர் மானியம் வாங்கியது அம்பலமாயிற்று. மூன்று வருஷங்களில் 680 கோடி டாலர் இப்படி வீணாயிற்று என்று பார்லிமெண்ட் விசாரணைக் குழு 2012-ல் சொன்னது. அந்தக் குழுவின் தலைவரே லஞ்சம் வாங்கியதற்காக 2021-ல் சிறைத் தண்டனை பெற்றார் என்பது இன்னொரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை.

சந்தேகத்துக்கு இடமான பில்களுக்குப் பணம் தர மந்திரி மறுத்தார். 2012 டிசம்பரில், எண்பது வயது தாண்டிய அவருடைய தாயாரை வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போய்விட்டார்கள்! மகள் பதவியை ராஜிநாமா செய்யவேண்டும் என்பது கடத்தியவர்கள் கேட்ட விலை.

சகோதரிகளே, அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பெற்ற தாய். மறு பக்கம் கோடிக்கணக்கான பேரின் பணப்பெட்டிச் சாவி. அவர் ராஜிநாமா செய்யவில்லை. ஐந்து நாட்கள் கழித்துத் தாயார் உயிரோடு திரும்பினார். அந்த ஐந்து இரவுகளும் மகளுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நாம் எழுதித் தெரியவேண்டியதில்லை.

அடுத்த வருஷம் ரிசர்வ் பாங்கு போன்ற அந்நாட்டு மத்திய பாங்கின் கவர்னர் லமிடோ சனுசி, சர்க்காரின் எண்ணெய்க் கம்பெனி கஜானாவுக்குச் செலுத்தவேண்டிய 4,980 கோடி டாலரைக் காணோம் என்று ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். ஒத்துப் பார்த்த பின் தொகையை 2,000 கோடி என்று குறைத்துச் சொன்னார். 2014 பிப்ரவரியில் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு நடந்த தணிக்கையில், கம்பெனி 148 கோடி டாலராவது திருப்பித் தரவேண்டும் என்று தெரிந்தது. எல்லாத் தஸ்தாவேஜுகளும் தங்கள் கைக்கு வரவில்லை என்று தணிக்கையாளர்களே குறிப்பிட்டார்கள்.

மிச்சம் என்ன?

"இவ்வளவு பாடுபட்டும் நைஜீரியாவில் வறுமை தீர்ந்ததா?" என்று கேட்பீர்கள். தீரவில்லை. கணக்கு எழுதினால் மட்டும் அடுப்பில் உலை கொதித்துவிடாது. பத்திரிகையில் பட்டியல் வந்தால் போதாது, அதைப் படித்துவிட்டு, "எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்த பணம் எங்கே?" என்று கேட்க ஆள் வேண்டும். கேட்டவரைப் பதவியிலிருந்து தூக்காத சர்க்காரும் வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு காணாமற்போன பணத்துக்குப் பெயரும் இல்லை, தொகையும் இல்லை. இப்போது இத்தனை கோடி, இந்த வருஷம், இந்த இடத்தில் ஒட்டவில்லை என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. தொகை தெரியாத கடனை யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்த பிறகு, இன்றில்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்கலாம்.

'தொந்தரவு' என்று பெயர் வாங்கிய ஒகோன்ஜோ-இவேலா, 2021-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் தலைவியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். முதல் ஆப்பிரிக்கரும் அவர்தான்.

நாளைக் காலை பால் வந்ததும் காலண்டரில் குறித்து வைக்கும்போது, "போயும் போயும் ஒரு லிட்டர் பால்!" என்று வீட்டில் யாராவது கேலி செய்தால், அவர்களிடம் ஒலோய்பிரியின் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மறக்காமல் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.