ஆய்வகக் கருத்தரிப்பு முறைகள்

ஆய்வகக் கருத்தரிப்பு முறைகள் என்பவை, இயல்பாகக் குழந்தைப்பேறு கிட்டாத இணையருக்கு, விந்தணுவையோ கருமுட்டையையோ இரண்டையுமோ உடலுக்கு வெளியே எடுத்து, ஆய்வகத்தில் பக்குவப்படுத்திக் கருத்தரிக்கச் செய்யும் மருத்துவ முறைகள் ஆகும். இவற்றுள் கருப்பையுள் விந்து செலுத்தல் (ஐ.யு.ஐ.), சோதனைக்குழாய்க் கருக்கட்டல் (ஐ.வி.எஃப்.), கருமுட்டையினுள் விந்தணு செலுத்தல் (இக்சி) ஆகிய மூன்றும் முதன்மையானவை. இம்மூன்றும் ஒரே சிகிச்சையின் மலிவான, விலையுயர்ந்த வடிவங்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு குறைபாட்டிற்கு உரியது.

கருத்தரியாமை

கருத்தடை எதுவுமின்றி ஓராண்டுக் காலம் இயல்பான உடலுறவு கொண்டும் கருத்தரிக்காத நிலை கருத்தரியாமை எனப்படும். பெண்ணின் வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களிலேயே மருத்துவரை அணுகுமாறு அறிவுறுத்தப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் கருத்தரியாமைக்கு உள்ளாகின்றனர்.

இதற்கான காரணம் பெண்ணிடமோ, ஆணிடமோ, இருவரிடமுமோ இருக்கலாம். சிலரிடம் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. பெண்களிடத்தில் சூலகத்திலிருந்து முட்டை ஒழுங்காக வெளிப்படாமை, கருக்குழாய் அடைப்பு, கருப்பை அகப்படலம் பிற இடங்களில் வளர்தல் ஆகியவை பரவலான காரணங்கள். இந்தியாவில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயும் கருக்குழாய் அடைப்பிற்குக் குறிப்பிடத்தக்க காரணமாக உள்ளது. ஆண்களிடத்தில் விந்தணு எண்ணிக்கைக் குறைவு, நீந்துதிறன் குறைவு, விந்தணு அறவே இன்மை ஆகியவை காணப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ்வரம்பாகக் குறிப்பிடுகிறது.

விந்துச் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. ஆகவே தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டியது. எனினும் குழந்தையில்லாமைக்குப் பெண்ணையே பொறுப்பாக்கும் வழக்கம் நிலவும் குடும்பங்களில், மனைவி பல ஆண்டுகள் மருந்தும் சோதனையுமாக அலைந்த பின்னரே கணவர் சோதனைக்கு வருவதுண்டு. பெண்ணின் கருமுட்டை இருப்பு வயதோடு குறைவதால், இவ்வாறு இழக்கப்படும் ஆண்டுகளை எந்தச் சிகிச்சையாலும் ஈடுசெய்ய இயலாது.

முறைகள்

கருப்பையுள் விந்து செலுத்தல்

இம்முறையில் கருக்கட்டல் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. ஆய்வகத்தின் பணி விந்தைப் பக்குவப்படுத்துவது மட்டுமே. விந்துப் பாய்மமும் இறந்த அணுக்களும் கழுவி நீக்கப்பட்டு, நன்கு நீந்தும் விந்தணுக்கள் மட்டும் செறிவாக்கப்படுகின்றன. முட்டை வெளிப்படும் வேளையில் அவை மெல்லிய குழல் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தப்படுகின்றன. மயக்க மருந்து தேவையில்லை.

இம்முறை பயன்தர வேண்டுமானால் குறைந்தது ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும். விந்தணுக்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரு குழாய்களும் அடைபட்ட பெண்ணுக்கு இதை எத்தனை முறை செய்தாலும் பயனில்லை.

சோதனைக்குழாய்க் கருக்கட்டல்

இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் பொதுவாக ஒரு முட்டையே முதிர்கிறது. இம்முறையில் ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் இயக்குநீர் ஊசிகள் போடப்பட்டு, பல முட்டைகள் ஒரே நேரத்தில் முதிரச் செய்யப்படுகின்றன. முட்டைப்பைகளின் வளர்ச்சி மீயொலி வருடியால் கண்காணிக்கப்படுகிறது. முட்டைகளை இறுதியாக முதிரச் செய்யும் ஊசி போடப்பட்ட 34 முதல் 36 மணி நேரத்திற்குள், மயக்க நிலையில், யோனி வழியாக நுண் ஊசி செலுத்தி முட்டைகள் உறிஞ்சி எடுக்கப்படுகின்றன.

பின்னர் ஒவ்வொரு முட்டையுடனும் பல்லாயிரம் விந்தணுக்கள் ஆய்வகத் தட்டில் விடப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தானாகவே முட்டையைத் துளைத்து உட்செல்கிறது. 16 முதல் 18 மணி நேரம் கழித்து முட்டையினுள் இரு முன்கருக்கள் தென்பட்டால் கருக்கட்டல் நிகழ்ந்தது உறுதியாகிறது. மூன்றாம் நாளில் ஆறு முதல் எட்டு உயிரணுக்களாகப் பிரியும் முளையம், ஐந்தாம் நாளில் நூறளவு உயிரணுக்கள் கொண்ட கருக்கோளமாகிறது. இவ்விரு நிலைகளுள் ஒன்றில் அது கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. "சோதனைக்குழாய்" என்பது வழக்கில் நிலைத்த பெயரே. உண்மையில் இது தட்டையான கண்ணாடி அல்லது நெகிழித் தட்டிலேயே நிகழ்கிறது.

கருமுட்டையினுள் விந்தணு செலுத்தல்

முட்டை எடுக்கும் வரையிலான படிகள் அனைத்தும் மேற்கூறிய முறையைப் போன்றவையே. கருக்கட்டும் படி மட்டும் வேறுபடுகிறது. நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு விந்தணு தேர்ந்தெடுக்கப்பட்டு, மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் முட்டையின் உள்ளே நேரடியாகச் செலுத்தப்படுகிறது. ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்பதால், விந்தில் அணுக்களே வெளிவராத ஆண்களுக்கும் விரைப்பையிலிருந்து ஊசி வழியாக அணுக்களை எடுத்து இம்முறையைக் கையாள முடிகிறது. விரையில் விந்தணு உற்பத்தியே இல்லாதவர்களுக்கு இது உதவாது.

உறைநிலைச் சேமிப்பு

எஞ்சும் முளையங்கள் திரவ நைட்ரசனில் -196 பாகை செல்சியசில் உறையவைக்கப்படுகின்றன. முதல் முயற்சி தோற்றால், மீண்டும் ஊசிகளும் முட்டை எடுப்பும் இன்றி இவற்றைப் பயன்படுத்தலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னர் முட்டை அல்லது விந்தைச் சேமிப்பதற்கும் இது வழிசெய்கிறது.

ஒப்பீடு

- கருக்கட்டல் நிகழும் இடம்: முதல் முறையில் கருக்குழாய், மற்ற இரண்டிலும் ஆய்வகத் தட்டு.
- கருக்குழாய்: முதல் முறைக்கு இன்றியமையாதது, மற்ற இரண்டிற்கும் தேவையில்லை.
- விந்தணு: முதல் முறைக்குப் பல இலட்சம், இரண்டாவதற்கு முட்டைக்குப் பல்லாயிரம், மூன்றாவதற்கு முட்டைக்கு ஒன்று.
- உடல் துன்பமும் செலவும்: முதல் முறையில் குறைவு, மற்ற இரண்டிலும் மிகுதி.
- ஒரு சுழற்சியில் வெற்றி வாய்ப்பு: முதல் முறையில் குறைவு, மற்ற இரண்டிலும் கூடுதல்.

மூன்றாம் முறை புதியது என்பதால் எல்லோருக்கும் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் விந்தணு எண்ணிக்கையும் நீந்துதிறனும் இயல்பாக இருந்த 1064 இணையரிடம் நடத்தப்பட்டு, 2021இல் தி லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இக்சி முறையில் 35 விழுக்காட்டினருக்கும் வழக்கமான ஐ.வி.எஃப். முறையில் 31 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆண்சார் குறைபாடு இல்லாதவிடத்துக் கூடுதல் செலவினால் கூடுதல் பயன் கிட்டுவதில்லை என்பதே இதன் பொருள்.

வெற்றி வீதமும் வயதும்

வெற்றி வாய்ப்பை முறையைக் காட்டிலும் முட்டையின் வயதே பெரிதும் தீர்மானிக்கிறது. பிரித்தானியாவின் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 2019ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, பெண்கள் தம் சொந்த முட்டைகளைப் பயன்படுத்தியபோது, கருப்பையில் வைக்கப்பட்ட ஒரு முளையத்திற்கு 35 வயதுக்குட்பட்டோரில் 32 விழுக்காடும், 40 முதல் 42 வயதினரில் 11 விழுக்காடும் குழந்தைப் பிறப்பாக முடிந்தன. அதாவது இளவயதினரிடத்தும் ஒரு முயற்சி தோல்வியில் முடிவதற்கே வாய்ப்பு மிகுதி.

மருத்துவமனைகள் கூறும் வெற்றி வீதங்களை ஒப்பிடும்போது, அவ்வீதம் கருத்தரிப்பைக் குறிக்கிறதா குழந்தைப் பிறப்பைக் குறிக்கிறதா, தொடங்கிய சுழற்சிக்கா முளையம் வைத்த சுழற்சிக்கா, எந்த வயதினருக்கு, தானமுட்டையும் கணக்கில் சேர்ந்ததா ஆகியவற்றை அறிதல் வேண்டும். கருத்தரித்தவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கருச்சிதைவு ஏற்படுவதால், கருத்தரிப்பு வீதம் எப்போதும் பிறப்பு வீதத்தைவிட உயர்ந்தே தோன்றும்.

பக்க விளைவுகள்

ஊசிகளால் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்தல், மூச்சுத் திணறல், இரத்தம் உறைதல் ஆகியவை ஏற்படலாம். கடுமையான நிலையில் இது உயிருக்கும் ஆபத்தாகும். ஒன்றுக்கு மேற்பட்ட முளையங்களை வைப்பதால் இரட்டை, மூவர் கருவுறுதலும், அதனால் குறைமாதப் பிறப்பும் நிகழ்கின்றன. இதைத் தவிர்க்க ஒரு வேளையில் ஒரு முளையத்தை மட்டும் வைக்கும் வழக்கம் வலுப்பெற்று வருகிறது. ஒய் நிறப்புரியில் உள்ள குறையால் விந்தணு குறைந்த ஆணுக்கு இக்சி முறையில் மகன் பிறந்தால், அக்குறை மகனுக்கும் செல்லும்.

வரலாறு

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிசு பிரவுன் 1978 சூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தார். இராபர்ட் எட்வர்ட்சு, பாட்ரிக் இசுடெப்டோ, சீன் பர்டி ஆகியோர் இதற்குக் காரணமாயினர். எட்வர்ட்சுக்கு 2010இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கு 70 நாட்களுக்குப் பின், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்தியாய் குழுவினரின் முயற்சியால் துர்கா என அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உறையவைத்துப் பாதுகாத்த முளையத்தை முகோபாத்தியாய் பயன்படுத்தினார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்க மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டிற்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டு, தொடர்பற்ற துறைக்கு மாற்றப்பட்ட அவர், 1981 சூன் 19 அன்று தற்கொலை செய்து கொண்டார்.

1986 ஆகத்து 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்திரா இந்துசா, டி. சி. ஆனந்த் குமார் ஆகியோரின் முயற்சியால் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனக் கருதப்பட்டது. முகோபாத்தியாயின் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஆனந்த் குமார், 1997இல் அப்பெருமை முகோபாத்தியாய்க்கே உரியது எனத் தாமே அறிவித்தார். தமிழ்நாட்டில் 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராசின் சிகிச்சையால் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இக்சி முறையிலான முதல் பிறப்புகள் பெல்சியத்தின் பிரசெல்சு நகரிலிருந்து 1992இல் அறிவிக்கப்பட்டன.

சட்டம்

இந்தியாவில் இம்முறைகளை உதவிபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021 நெறிப்படுத்துகிறது. இது 2022 சனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி:

- சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21 முதல் 50 வரையும், ஆணின் வயது 21 முதல் 55 வரையும் இருக்க வேண்டும்.
- முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதினராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே தானம் செய்யலாம்; ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது.
- சிகிச்சைக்கு எழுத்துவழி ஒப்புதல் தேவை. மருத்துவமனைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும்.
- பிறக்கும் குழந்தை, இணையரின் சொந்தக் குழந்தைக்குரிய எல்லா உரிமைகளையும் பெறும்.
- குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்தெடுத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இச்சட்டத்தின் தேவையை 2022இல் ஈரோட்டில் வெளிச்சத்துக்கு வந்த நிகழ்வு உணர்த்தியது. 16 வயதுச் சிறுமியிடமிருந்து, போலி ஆவணத்தில் வயதை உயர்த்திக் காட்டி, பலமுறை கருமுட்டைகள் எடுத்து விற்கப்பட்டது தெரியவந்தது. அவருடைய தாய் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். தொடர்புடைய மருத்துவமனைகள் மீது தமிழ்நாடு அரசு நடவடிக்கை எடுத்தது.

தமிழ்நாட்டில் சிகிச்சைக்கான அணுக்கம்

இச்சிகிச்சை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளிலேயே கிடைத்து வந்தது. அரசுத் துறையில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவ நிலையத்தில் 2024இல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டது.

கரிசல் நிலப் பகுதியான கோவில்பட்டி வட்டாரத்தில் மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் முதன்மை வாழ்வாதாரங்கள். தூத்துக்குடிக்கும் எட்டயபுரத்திற்கும் இடையே உள்ள எப்போதும்வென்றான் போன்ற ஊர்களில் வாழ்வோர், முளைய ஆய்வக வசதிக்காகத் தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை ஆகிய நகரங்களையே நாட வேண்டியுள்ளது. ஒரு ஐ.வி.எஃப். சுழற்சியில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பலமுறை மருத்துவமனைக்குச் செல்ல நேர்வதால், மருத்துவக் கட்டணத்துடன் பயணச் செலவும் நாட்கூலி இழப்பும் சேர்ந்துகொள்கின்றன.

எனினும் தொடக்கநிலைச் சோதனைகளுக்கு இத்தகைய ஆய்வகம் தேவையில்லை. விந்துச் சோதனை, மீயொலிச் சோதனை, தைராய்டுச் சோதனை ஆகியவற்றைக் கோவில்பட்டி போன்ற அருகிலுள்ள நகரங்களிலேயே செய்து கொள்ளலாம். முட்டை வெளிப்படாமை போன்ற குறைபாடுகள் பல மாத்திரைகளாலேயே சீராகக் கூடியவை. இருவரும் ஒரே வேளையில் சோதித்துக் கொண்டு, காரணம் தெரிந்த பின்னர் முறையைத் தேர்வதே வீண் செலவையும் கால இழப்பையும் குறைக்கும்.