டீப்போ வாங்கி விற்பவர் பலகையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்

தளபாடக் கடைகளில் அதிகம் விற்பனையாகும் சிறு பொருள் டீப்போ. கட்டிலும் அலுமாரியும் வாங்கப் பல முறை யோசிக்கும் குடும்பம்கூட, வரவேற்பறைக்கு ஒரு டீப்போவை ஒரே நாளில் பார்த்து வாங்கிச் செல்கிறது. அதே வேளை, கடைக்குத் திரும்பி வரும் முறைப்பாடுகளிலும் டீப்போவுக்கே முதலிடம் என்பது பல வருடங்களாக இத்தொழிலில் இருக்கும் எனது அனுபவம். "மேற்பலகை வெடித்து விட்டது", "கால் ஆடுகிறது", "சூடான கோப்பை வைத்த இடம் வெள்ளையாகி விட்டது" என்ற மூன்று முறைப்பாடுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் முதலிரண்டும் பட்டறையிலேயே தீர்மானிக்கப்படுபவை. ஆனால் கெட்ட பெயர் வருவது பட்டறைக்கு அல்ல, விற்ற கடைக்காரருக்கே.

எனவே தளபாடம் விற்கும் சகோதரர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை இதுதான். ஒரு தடவையாவது உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு டீப்போவைச் செய்து பாருங்கள். தச்சராக வேண்டும் என்பதற்காக அல்ல. மொரட்டுவையிலிருந்து வரும் லொறியில் எதை இறக்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று தெரிந்துகொள்வதற்காகவே.

பெயரும் அளவும்

டீப்போ என்ற சொல் தேநீரிலிருந்து வந்ததாகப் பலரும் நினைக்கின்றனர். உண்மையில் ஹிந்தியில் மூன்று என்பதும் பாரசீகத்தில் கால் என்பதும் சேர்ந்து பிறந்த, மூன்று கால் மேசையைக் குறிக்கும் சொல் அது. ஆங்கிலேயர் வாயில் அது தேநீருடன் கலந்து விட்டது.

இன்றைய வரவேற்பறைக்குப் பொருத்தமான அளவு 36 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 16 முதல் 18 அங்குல உயரம். சோபாவின் இருக்கை உயரத்தை விட மேசை உயர்ந்து விடக் கூடாது. மேற்பலகைக்கு 7 அங்குல அகலமான மூன்று பலகைகள், 2 அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள், கால்களை இணைக்க 3 அங்குல அகலமான நான்கு சுற்றுச்சட்டங்கள் தேவை.

இதில் எவ்வளவு மரம் செல்கிறது? ஒரு கன அடி என்பது ஒரு அங்குலத் தடிப்பில் 12 சதுர அடிப் பலகை. மேற்பலகைக்கு சுமார் 5¼, கால்களுக்கு 1¾, சட்டங்களுக்கு 2 சதுர அடி என, மொத்தம் 9 சதுர அடி வருகிறது. சீவலிலும் வெட்டிலும் கால் பங்கு வீணாகும் என்று வைத்தால் 11 சதுர அடி. அதாவது ஒரு கன அடிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஊர் மரக்காலையில் அந்த மரத்தின் கன அடி விலையை விசாரித்து, கூலியையும் பொலிஷ் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை விட மிகக் குறைந்த விலைக்கு ஒருவர் "அசல் தேக்கு" தருவதாகச் சொன்னால், அது தேக்காக இருக்க முடியாது.

ஈரம்தான் முதல் எதிரி

பச்சை மரம் காயும்போது சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம், அகலவாட்டில்தான் அதிகம். காய்ந்த பலகையும் மழைக்காலத்தில் சற்று விரிந்து, வறண்ட காலத்தில் சற்று ஒடுங்கும். இந்த அசைவை எவராலும் நிறுத்த முடியாது. மேற்பலகையைக் கோந்து பூசியோ ஆணி அடித்தோ சட்டத்துடன் இறுக்கி விட்டால், ஒடுங்க இடமில்லாத பலகை நடுவில் வெடிக்கிறது. வெடிப்புக்கு மரத்தைக் குறை கூறுவதில் பயனில்லை.

நல்ல வேலையில் மேற்பலகை சட்டத்துடன் ஒட்டப்பட்டிருக்காது. சட்டத்தின் உட்புறத்தில் வெட்டிய காடியில் சிறு மரத்துண்டுகளின் நாக்கு நுழைந்திருக்கும். அத்துண்டுகள் மட்டும் மேற்பலகையுடன் ஸ்குரூ ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். அல்லது நீள்வட்டத் துளை கொண்ட தகடுகள் இருக்கும். பலகை அசையும், ஆனால் கழராது. டீப்போவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் இது தெரிந்து விடும். ஆனால் கவிழ்த்துப் பார்க்கும் கடைக்காரர்கள் மிகக் குறைவு.

மரம் காய்ந்ததா என்று அறிய ஈரமானி வாங்கலாம். அது இல்லாவிட்டால் தராசு போதும். ஒரு பலகையை நிறுத்து எழுதி வைத்து, இரண்டு வாரம் கடைக்குள் நிழலில் வைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் அது இன்னும் காய்கிறது என்பதே பொருள்.

மூட்டும் மரமும்

காலில் துளை வெட்டி, சட்டத்தின் முனையை நாக்குப் போல் சீவி, கோந்து பூசிச் சொருகுவதே நீடிக்கும் மூட்டு. வெறும் ஆணியில் நிற்கும் கால் சில மாதங்களில் ஆடத் தொடங்கும். தேக்கு, பலா போன்ற மரங்களில் இரும்பு ஆணி ஈரம் பட்டுக் கறுப்புக் கறையையும் உண்டாக்கும். பித்தளை ஆணியே பொருத்தம்.

ரப்பர் மரம் மோசமானதல்ல. ஆனால் அதில் மாச்சத்து அதிகம் என்பதால் போரான் மருந்தூட்டப்படாவிட்டால் பூச்சி துளைக்கும். எம்.டி.எப். பலகை நீர் பட்டால் ஊதும். இவற்றை விற்பதில் தவறில்லை. வேறு பெயரில் விற்பதுதான் தவறு. வாடிக்கையாளரை ஏமாற்றும் விதத்தில் நடந்துகொள்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. பலா மரம் வெட்டுவதற்கு அனுமதி தேவை என்பதால், பலாப் பலகை வாங்கும்போது அதற்கான பத்திரங்களையும் கேட்டுப் பெறுங்கள்.

பழுது பார்ப்பதும் வருமானமே

ஆடும் காலுக்கு மேலும் ஆணி அடிக்க வேண்டாம். மூட்டை மெதுவாகத் தட்டிக் கழற்றி, பழைய கோந்தைச் சுரண்டி நீக்குங்கள். பழைய கோந்தின் மேல் புதியது பிடிக்காது. புதிய கோந்து பூசிச் சொருகி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு தடியை நுழைத்து முறுக்கி இறுக்குங்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் சமமா என்று பார்த்து, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

வெள்ளை வட்டம் என்பது பொலிஷுக்குள் அகப்பட்ட ஈரம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே மங்கும். மங்காவிட்டால் வாசலின் சிறிது தடவி ஓர் இரவு வைத்துத் துடைக்கலாம். பிரெஞ்ச் பொலிஷ் செய்த மேசையில் ஸ்பிரிட் பயன்படுத்த வேண்டாம். அது பொலிஷையே கரைத்து விடும். கறை கறுப்பாக இருந்தால் நீர் மரம் வரை இறங்கி விட்டது என்று பொருள். பொலிஷை நீக்கித் திரும்பச் செய்வதே வழி. பலகையில் பள்ளம் விழுந்து, நார் அறுபடாதிருந்தால், ஈரத்துணியை வைத்து அயர்ன் பண்ணும் பெட்டியால் சிறிது சூடு காட்டினால் நார் ஊதி எழும். பொலிஷ் உள்ள இடத்தில் சூடு அதைக் கெடுக்கும் என்பதால் பிறகு அங்கே மீளப் பூச வேண்டி வரும். காலடியில் மாப்போன்ற தூள் விழுந்தால் அது பூச்சி. அந்த மேசையை உடனே களஞ்சியத்திலிருந்து வெளியே எடுங்கள், ஏனையவற்றுக்கும் பரவும்.

வீட்டில் தினமும் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். நேரடி வெயில் படும் யன்னலோரம் தவிர்க்கப்பட வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் நல்லதல்ல. அது உலராது, தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் உலரும். ஆனால் அதில் நனைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே தீப்பற்றக் கூடும் என்பதால் விரித்துக் காய வைத்த பின்பே வீச வேண்டும்.

பட்டியலில் "மர டீப்போ 1" என்று மட்டும் எழுதாமல், என்ன மரம், என்ன பொலிஷ் என்று எழுதிக் கொடுங்கள். பராமரிப்பு முறையை அரைத்தாளில் அச்சிட்டு மேசையுடன் வையுங்கள். முதல் வருடம் மூட்டு கழன்றால் இலவசமாக இறுக்கித் தருவதாகச் சொல்லுங்கள். கவிழ்த்துப் பார்த்து வாங்கிய சரக்குக்கு அந்த வாக்குறுதி அதிகம் செலவு வைக்காது. பெரிய காட்சியறைகள் தவணை முறையிலும் விளம்பரத்திலும் நம்மை வெல்லலாம். ஆனால் விற்ற பொருளைப் பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லக் கூடிய கடைக்காரரைத் தேடி, அவர்களது பிள்ளைகளின் திருமணத்துக்குக் கட்டில் வாங்கவும் மக்கள் வருவார்கள்.