போனில் ஓடும் செயலி டிவியில் ஏன் திணறுகிறது?

கேரளத்தின் சக்குபள்ளத்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர், புற்றடியில் ஏலம் போகும் ஏலக்காயின் விலையைக் காட்டும் போன் செயலியை வீட்டு டிவியிலும் பார்க்க நினைத்தால் என்ன தடை? விரல்தான். டிவித் திரையைத் தொட்டுப் பயனில்லை. ரிமோட்டின் நான்கு திசைப் பொத்தான்களும் நடுப்பொத்தானும்தான் கதி. இப்போது எதில் நிற்கிறோம் என்று திரை பளிச்சென்று காட்டாவிட்டால் பார்ப்பவர் தொலைந்தார். பத்தடி தள்ளி உட்கார்வதால் எழுத்தும் பெரிதாக வேண்டும். பொடி எழுத்தில் தமிழின் கொம்பும் சுழியும் கலங்கிவிடும். சில டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும், அதனால் சுற்றிலும் 5 சதவீதம் காலியாக விட வேண்டும்.

2014இல் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு டிவியில் இன்னொரு சிக்கல்: தொடுதிரை கட்டாயமில்லை என்று செயலிக்குள் எழுதிவைக்காவிட்டால் பிளே ஸ்டோர் அதை டிவியில் காட்டாது. 320க்கு 180 பிக்சலில் முகப்புப் படமும் வேண்டும். பிறகு கூகுளின் சோதனை. ரிமோட்டுக்கு எட்டாத பொத்தான் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.