திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம்

நீலாவணன் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றுகூட அச்சில் வரவில்லை. 1931இல் பிறந்து, ஆசிரியராக வேலை பார்த்து, பத்திரிகைகளுக்கும் கவியரங்குகளுக்கும் கவிதையாகக் கொட்டிக் கொடுத்தவர் 1975இல் காலமானார். முதல் தொகுதியான ‘வழி’ 1976இல் வந்தது. அதற்கு முன்னின்றவர் எம்.ஏ. நுஃமான். ‘வேளாண்மை’ காவியத்தை 1982இல் மூதூர் வ.அ. இராசரத்தினம் வெளியிட்டார். வாசிப்பும் எழுத்தும் தரும் சந்தோசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தன் புத்தகத்தைத் தன் கையால் தொட்டுப் பார்க்காத இந்த மனிதர்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்.

எங்கட பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு இடத்தைச் சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வந்தால் பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். பாண்டிருப்பு தமிழ் ஊர். மருதமுனை முஸ்லிம் ஊர். அதைத் தாண்டினால் நீலாவணனின் ஊர். கல்முனையில் நுஃமான், பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையில் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி. எல்லாரும் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள் இருந்தவர்கள். நீலாவணன் கல்முனையில் எழுத்தாளர் சங்கத்தை வழிநடத்தினார், ‘பாடும் மீன்’ என்ற இதழை நடத்தினார். நுஃமான் 1969இல் ‘கவிஞன்’ என்று கவிதைக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். பிறகு அவர் நூல்கள் வெளியிட்டபோது அந்த வெளியீட்டுக்கு வைத்த பெயர் ‘வாசகர் சங்கம்’. மஹாகவியின் ‘கோடை’ 1970இல் அந்தப் பெயரில்தான் வந்தது. மஹ்மூத் தர்வீஷ் போன்றவர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வந்ததும் அதே பெயரில்தான். எழுத்தாளர் சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்கு எந்த ஊரிலும் ஆள் இருக்கும். வாசகர் சங்கம் என்று பெயர் வைக்க வேறொரு மனம் வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் பிறந்தது மருதமுனை. வாப்பா கைத்தறி நெய்தவர். தறி ஓசைக்கு நடுவே வீட்டில் இன்னொரு ஓசையும் இருந்தது. மூத்தும்மா அறபுத் தமிழில் அச்சடித்த ஒரு மாலைக் கிதாபை மடியில் வைத்து ராகம் போட்டுப் படிப்பா. சுற்றி நாலைந்து பெண்கள் இருந்து கேட்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடுத்த அடியை மூத்தும்மாவுக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். அறபுத் தமிழ் என்பது வேறு பாஷை அல்ல. தமிழை அறபெழுத்தில் எழுதுவது. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். ஓதப் பள்ளிக்குப் போய் அறபெழுத்து மட்டும் படித்த பெண்களுக்குத் தமிழ் இலக்கியம் இந்த வாசலால்தான் வந்தது. தனியே உட்கார்ந்து மௌனமாக வாசிக்கிற பழக்கம் எங்கட வீட்டுக்குப் பிந்தி வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் வாசிப்பு.

கலியாணம் முடித்து நான் காத்தான்குடிக்கு வந்தேன். கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெட்டியைக் கட்டும்போது மூத்தும்மாவின் கிதாபையும் எடுத்துவந்தேன். முன்னட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாததால் அதன் பெயர் எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அமிர்தகழிக்கு என்னைக் கூட்டிப்போனது ஒரு புத்தக வெளியீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்த மனிதர். ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அங்கே சனம் கடலாகத் திரளும். மற்ற நாட்களில் வாவிப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு அமைதியாகக் கிடக்கும். அண்ணனின் வளவில் ஒரு மாமரம், அதன் கீழே நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாங்கு. போயா நாட்களில் பின்னேரம் ஐந்தாறு பேர் கூடுவோம். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தாதி, ஓட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை, அண்ணன், நான். ஒரு நாளைக்கு ஒரு கவிதைதான். ஒருவர் வாசிப்பார், பிறகு அதையே இன்னொருவர் வாசிப்பார். இரண்டாவது ஆள் வாசித்து முடிக்கும்வரை யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

ஏன் இரண்டு தரம் என்று கேட்பீர்கள். மஹாகவி, முருகையன், நீலாவணன் தலைமுறை யாப்பைக் கைவிடவில்லை. யாப்புக்குள் வீட்டுப் பேச்சைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அந்தக் கவிதைகளைச் சீர் எண்ணி, அடி முடிந்த இடத்தில் நிறுத்தி வாசித்தால் இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும். பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தினால், ஒரு ஆள் முற்றத்தில் நின்று கதைப்பது கேட்கும். நான் தமிழில் சிறப்புப் பட்டம் முடித்தவன். பல்கலைக்கழகத்தில் அசை பிரித்தேன், வகுப்பில் வந்து பிள்ளைகளுக்கும் அசை பிரிக்கக் காட்டினேன். ஒருநாள் நீலாவணனின் கவிதையொன்றை நான் வாசித்துவிட்டு ஓட்டோத் தம்பியிடம் கொடுத்தேன். அவருக்கு யாப்பும் தெரியாது, பயமும் இல்லை. பயணியோடு கூலி பேசுகிற மாதிரி வாசித்தார். நான் துக்கம் என்று நினைத்துக் குரலை இறக்கிய இடத்தில் கவிஞர் பகிடி விட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோசமாகவும் இருந்தது.

நான் சொல்லவரும் சந்தோசம் இந்த அளவானதுதான். பரிசு, பாராட்டு, பொன்னாடை எல்லாம் வேறு கணக்கு. மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வரும்போது ஒரு அடி நாக்கில் உருளும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், “மறுகா அந்த மனிசன் என்ன சொன்னார்?” என்று கேட்பா. அடுத்த நாள் காலையில் பத்தாம் வகுப்பில் சோர்ந்துபோய் இருக்கிற பிள்ளைகளிடம் அதே கவிதையைப் பேச்சாக வாசித்துக் காட்டுவேன். நீலாவணனுக்குப் புத்தகம் வராவிட்டாலும் இந்தச் சந்தோசம் வாராவாரம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். எழுதியது காயுமுன் கேட்பதற்குப் பக்கத்து ஊரில் ஆள் இருந்தது. அந்த ஆட்களே பிறகு புத்தகமும் போட்டார்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. 1990 ஓகஸ்டில் எங்கட பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதை மறக்காத ஊர் இது. இப்போது எங்கட ஊரானின் பெயரால் மற்றவர்களின் பிள்ளைகள் கிடத்தப்பட்டிருந்தார்கள். எந்த முகத்தோடு பாலத்தைக் கடப்பது? அடுத்த மாதப் போயாவுக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன்.

ஊரில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அறபெழுத்து இருக்கிற எந்தத் தாளைக் கண்டாலும் விசாரணை வரும் என்று சனம் பயந்தது. பயத்தில் கிதாபுகளை எரித்தவர்கள் இருந்தார்கள், புதைத்தவர்களும் இருந்தார்கள். மூத்தும்மாவின் கிதாபைக் காட்டி, “இது தமிழ்ப் பாட்டு” என்று ஒரு சிப்பாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது? அட்டைகூட இல்லை. அதை எரிக்க எனக்குக் கை வரவில்லை. வைத்திருக்கவும் நித்திரை வரவில்லை.

அப்போதுதான் அண்ணன் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார். அரசியல் கதைக்கவில்லை. கடைசியில், “தம்பி, ‘வழி’ வாசிச்சு முடிஞ்சா? இங்க ஒரு பிள்ளை கேக்குது” என்றார். 1976ஆம் ஆண்டுப் பிரதி, மார்ச்சில் இரவல் வாங்கியது. என்னிடமே இருந்தது. ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இன்றைக்கு ‘நூலகம்’ இணையத்தில் கிடைக்கின்றன. 2005இலிருந்து அவர்கள் செய்யும் வேலை பெரிய வேலை, நானே அங்கே தேடி எடுத்துத்தான் பாடம் தயாரிக்கிறேன். ஆனால் திரையில் வாசித்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வீட்டுக்கும் போகத் தேவையில்லை. இரவல் புத்தகம் அப்படி விடாது.

அடுத்த சனிக்கிழமை போனேன். சாப்பாட்டுப் பையில் ‘வழி’யை மேலே வைத்து, கிதாபைக் கீழே துணியில் சுற்றி வைத்தேன். வழியில் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். கவிதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பாலத்தில் ஏறியபோதும் கை நடுங்கியது.

அண்ணன் கடப்படியில் நின்றார். அக்கா இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து வைத்து, “மெலிஞ்சு போயிட்டீங்க தம்பி” என்றா. நான் முதலில் ‘வழி’யைக் கொடுத்தேன். பிறகு கிதாபை எடுத்து மேசையில் வைத்து, வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் பிரவுண் பேப்பர் கொண்டுவந்து, பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி மூலை மடித்து உறை போட்டார். யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தது என்று குறிக்கும் இரவல் கொப்பி ஒன்று அவரிடம் உண்டு. அதில் ‘வழி’க்கு நேரே கோடு கிழித்தார். அடுத்த வரியில் தன் பெயரையும் திகதியையும் எழுதினார். புத்தகத்தின் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். “மூத்தும்மாவின் புத்தகம்” என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு போயாவுக்கு அதை வெளியே எடுத்தோம். அன்றைக்கு இரண்டு தரமும் நானே வாசிக்க வேண்டியிருந்தது, அந்த எழுத்து வேறு யாருக்கும் தெரியாது. ஓட்டோத் தம்பி எட்டிப் பார்த்து, “வலப்பக்கமிருந்து வருது, ஆனா நம்மட தமிழ்தானே சேர்” என்றார். இப்போது அவர் அந்த எழுத்தைப் பழகுகிறார். ‘ப’வும் ‘ட’வும் இன்னும் மாறிப் போகின்றன. கிதாபு அண்ணனின் அலுமாரியிலேயே இருக்கிறது. நான் கேட்கவுமில்லை, அவர் கொப்பியில் கோடு கிழிக்கவுமில்லை.